கல்லா, மரமா?

அண்ணாகிராமத்தில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவே, பண்ருட்டி வட்டாரத்தில், கொஞ்சம் சவுக்கு, கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் கரும்பு என்று காலம் தள்ளுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவர் டெலிபோனில் கூப்பிட்டார் என்றால் ஒன்று கல்யாணமாக இருக்க வேண்டும், அல்லது காரியமாக இருக்க வேண்டும். ஆகவே அன்றைக்கு அவர் குரலைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"தம்பி, ஒரு பஞ்சாயத்து. நீ வரணும்."

"யாருக்கும் யாருக்கும், அண்ணே?"

"எனக்கும் பிள்ளைக்கும். நடுவிலே ஒரு மரம்."

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு எங்கே கிடைக்கும்? அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டேன்.

மரத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் நிமிர்ந்து பார்த்ததில்லை. வீட்டுக்கு முன்னால், வாசலிலிருந்து இருபதடி தள்ளி நிற்கிறது. முப்பது முப்பத்தைந்து அடி உயரம் இருக்கும். பந்தற்காலைப் போல ஒல்லி. தண்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கிளைகள், ஒரு வளையத்துக்கு மேல் ஒரு வளையம், கோயில் தேரில் தட்டுத் தட்டாகக் கட்டுவார்களே, அப்படி. தெருவிலே அதற்குக் 'கிறிஸ்மஸ் மரம்' என்று பெயர். அண்ணி அதை 'பைன் மரம்' என்பாள். 2008-ஆம் வருஷம், கடலூருக்குப் போய்த் திரும்புகிற வழியில் ஒரு செடிக் கடையில் முழங்கால் உயரத் தொட்டியாக வாங்கி, மடியிலே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, தன் கையாலேயே நட்டாள். அண்ணி போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. மரம் நிற்கிறது.

நேராக நிற்கவில்லை என்பதுதான் தகராறு. வீடு வடக்குப் பார்த்த வீடு. மரம் தெற்கே, அதாவது வீட்டைப் பார்த்து, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பெரியவர், "வீட்டைப் பார்த்துச் சாயற மரம் குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் புயலில் நம்பிக்கை உண்டு. "அப்பா தனியா இருக்காரு. ஒரு ராத்திரி அது கூரை மேலே விழுந்தா என்ன செய்யறது, சித்தப்பா? நீங்களே சொல்லுங்க" என்றான்.

நான் என்ன சொல்வேன்? இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாள் இரண்டு மாதமாகிவிட்டது. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த மரம் அண்ணாகிராமத்து வாசலில் வந்து நின்ற கதை எந்த நாவலுக்கும் இளைத்ததல்ல என்று தெரிந்தது. அதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயர் விஷயம். அண்ணி பைன் என்று சொன்னாளே, அது பைன் இல்லை. நிஜமான பைன் மரத்தின் இலைகள் ஊசி ஊசியாக, இரண்டும் மூன்றும் ஐந்துமாகக் கட்டுக் கட்டாய் முளைக்கும். இமயமலைச் சரிவிலுள்ள சீர் பைனுக்குக் கட்டுக்கு மூன்று ஊசி. அதற்கும் மேலே வளரும் நீலப் பைனுக்கு ஐந்து. இந்தியாவில் பைன் தானாக வளர்வது இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலுந்தான். தேவதாருவும் அந்தப் பக்கத்து மரமே. நம் நாட்டு மருந்துக் கடைகளில் தேவதாருக் கட்டையை நிறுத்து விற்கிறார்கள்; ஆனால் அதைப் பச்சையாகப் பார்த்தவர்கள் பண்ருட்டியில் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் பைன் காடு பார்க்க வேண்டுமென்றால் கோடைக்கானலுக்குப் போக வேண்டும். சினிமாவில் எத்தனையோ ஜோடிகள் ஓடி ஆடிய அந்தக் காடு, 1906-ஆம் ஆண்டில் பிரையன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி நட்டு உண்டாக்கியது. ஊர் நடுவிலுள்ள பிரையன்ட் பூங்காவுக்கும் அவர் பெயர்தான். உதகமண்டலத்துத் தாவரவியல் தோட்டம் அதற்கும் மூத்தது. 1848-இல் தொடங்கியது. மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் சீமையிலிருந்து வந்து, சேறும் புதருமாகக் கிடந்த சரிவைப் புல்தரையாக்கி, உலகத்து மூலைகளிலிருந்தெல்லாம் மரங்களை வரவழைத்து நட்டார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வேண்டாமா? மலையில் ஒரு சீமையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

மலையில் சரி, சமவெளியில்? கடலூர் வெயிலில் பைன் பிழைப்பது அரிது. ஆகவே தோட்டப் பிரியர்கள் பைன் மாதிரி இருக்கிற மற்றவற்றை நாடினார்கள். அவற்றில் சிலவற்றை நேயர்களே வீட்டில் வைத்திருப்பீர்கள். விசிறி விசிறியாக, நிமிர்த்திப் பிடித்த உள்ளங்கை மாதிரி இலைத் தட்டுகளோடு ஒரு செடி இருக்குமே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்களே, அது துஜா. சீன தேசத்துச் சரக்கு. கூம்பு மரச் சாதியில் நம் வெயிலைப் பொறுத்துக்கொள்கிற சாது. வேலியாகவும் கத்தரிக்கலாம், தொட்டியிலும் வைக்கலாம். ஜூனிப்பர் என்பது இன்னொன்று. தண்ணீர் தேங்கினால் அதற்கு ஆகாது. வடிகிற மண் வேண்டும். பொடோகார்ப்பஸ் என்பது மூன்றாவது. இலை ஊசியாக இராது, நீளமாகப் பட்டையாக இருக்கும், நிழலையும் தாங்கும். நெட்டிலிங்கத்தைச் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். அது சேராது. அது சீதா மரத்தின் குடும்பம். உருவத்தால் மட்டும் ஊசிக்கோபுரம்.

இவர்களுக்கெல்லாம் தலைவர்தான் அண்ணன் வாசலில் நிற்கிறவர். அரௌகேரியா என்று வம்சப் பெயர். செடிக் கடைகளில் 'நார்ஃபோக் தீவுப் பைன்' என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அதற்கு நெருங்கிய பங்காளி ஒன்று உண்டு, 'குக் பைன்' என்று பெயர். சிறு செடியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றதை விற்பது உலகம் பூராவும் நடக்கிறது. வளர்ந்த பிறகு தெரிந்துவிடும். நார்ஃபோக் மரம் அகன்ற கோபுரமாக விரியும். குக் மரம் ஒல்லியாகத் தூண் மாதிரிப் போகும். அண்ணன் வாசலில் இருப்பது தூண்தான். அண்ணியிடம் கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்திருக்கிறார், தெரியாமல்தான்.

இந்தக் குக் யார்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற காப்டன் ஜேம்ஸ் குக் தான். 1774-ஆம் வருஷம் செப்டம்பரில் அவருடைய கப்பல் பசிபிக் சமுத்திரத்தில் நியூ காலிடோனியா என்ற பெரிய தீவின் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் கரையிலே உயரமாக, ஒல்லியாக, நெருக்கமாக ஏதோ நிற்கின்றன. என்ன அவை? கப்பலில் விவாதம் கிளம்பிவிட்டது. கூட வந்த சாஸ்திர நிபுணர்கள், "சந்தேகமில்லை, எரிமலைக் கல்லாலான தூண்கள்" என்றார்கள். குக், "மரமாகத்தான் இருக்க வேண்டும்" என்றார். கிட்டே போய்ப் பார்த்தால் மரம்! மாலுமி ஜெயித்தார், பண்டிதர்கள் தோற்றார்கள். பக்கத்துத் தீவு ஒன்றுக்குப் 'பைன் தீவு' என்றே பெயர் வைத்தார்கள். மறு மாதம், அக்டோபரில், நார்ஃபோக் தீவில் இறங்கினார். அங்கே இதன் பங்காளியைக் கண்டார்.

கண்டதும் அவர் மனசு போனது அழகின் மேல் அல்ல, பாய்மரத்தின் மேல். அந்தக் காலத்துப் பிரிட்டனுக்குப் பாய்மரம் என்பது இந்தக் காலத்துப் பெட்ரோல் மாதிரி. இத்தனை நேரான மரம் கிடைத்தால் விடுவார்களா? 1788-இல் நார்ஃபோக் தீவில் கைதிகளையும் காவலர்களையும் கொண்டு குடியேற்றமே ஏற்படுத்தினார்கள். வெட்டிப் பார்த்தார்கள். பெரிய கப்பலின் பாய்மரத்துக்கு அந்த மரம் உதவவில்லை, முறிந்தது. ராஜாங்கத்துக்குப் பிரயோசனப்படாத மரம் தோட்டக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. அழகுக்கு என்று பெயர் வாங்கியவை பல, முதலில் வேறு வேலைக்குத் தேடப்பட்டு, அதில் தேறாமல் போனவையே. மனிதர்களிலும் உண்டு.

அப்போது கடலூர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் ஒரு காலத்தில் உலகச் சரித்திரத்தின் நடு முற்றத்தில் இருந்த ஊர். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரையில் நிலம் சேரும் என்று ஒப்பந்தம். சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்தவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சில வருஷம் இந்தக் கோட்டைதான் சோழ மண்டலக் கரையில் கம்பெனியாரின் தலைநகரம். மஞ்சக்குப்பத்தில் அவர்கள் கட்டிய தோட்ட மாளிகை பின்னாளில் ஜில்லா கலெக்டரின் பங்களாவாயிற்று. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினான். இன்று கெடிலம் கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் சில சுவர்களும் மேடுகளுமே பாக்கி.

கோட்டை போனது, மரம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழ மண்டலக் கரையின் முகத்தையே மாற்றிய மரம் சவுக்கு. சென்னை ராஜதானியின் முதல் ரயில், 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ரயில் எஞ்சினுக்கு வயிறு பெரிது. நிலக்கரி எளிதில் கிடைக்காத தெற்கே அது விறகைத் தின்றது. மணலிலும் வளர வேண்டும், சீக்கிரம் வளர வேண்டும், நன்றாக எரியவும் வேண்டும் என்று தேடியபோது சவுக்கு அகப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் கடலோரத்தில் வளர்கிற மரம். இலையும் கிளையும் காசுவாரி என்ற பறவையின் இறகைப் போலிருப்பதால் வெள்ளைக்காரர்கள் காசுவாரினா என்றார்கள்.

சவுக்கையும் பைன் என்று நினைப்பவர்கள் உண்டு. தோற்றம் அப்படி. காற்று வந்தால் 'ஓ'வென்று அதே ஓசை. காய்கூடக் குட்டிக் கூம்பு. ஆனால் அது பூக்கிற மரம். பைனுக்கு உறவே இல்லை. ஊசி என்று நாம் நினைப்பது இலை அல்ல, கணுக்கணுவான மெல்லிய குச்சி. கணுவுக்குக் கணு பல் பல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும் செதில்தான் இலை. சின்ன வயதில் அண்ணனும் நானும் அந்தக் குச்சியை ஒரு கணுவில் பிரித்து மறுபடி செருகி, "எங்கே பிரிச்சேன், சொல்லு?" என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். வேரில் முடிச்சு முடிச்சாக நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக் கொடுக்கின்றன. அதனால்தான் வெறும் மணலிலும் சவுக்குக்குப் பசி தெரிவதில்லை.

இன்றைக்குக் கடலூர்ப் பக்கத்துக் குடியானவனுக்குச் சவுக்கு என்பது பாங்கி. ஏக்கருக்குச் சுமார் நாலாயிரம் கன்று. நாலைந்து வருஷம் பொறுத்தால் மொத்தமாகப் பணம். சாரம் கட்ட, பந்தல் போட, சூளைக்கு விறகாக, காகித ஆலைக்குக் கூழாக என்று போகும். மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் கன்று நடுவார்கள். பிறகு மாப்பிள்ளை பார்ப்பார்கள். கிறிஸ்துவ நண்பர்கள் வீட்டில் டிசம்பர் மாதம் சவுக்குக் கிளையை வெட்டி வந்து நட்சத்திரம் கட்டி அலங்கரிப்பதும் உண்டு. சீமையிலே ஊசியிலை மரம். இங்கே அதன் வேஷத்தில் சவுக்கு. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இது நம்ம ஊர் மரமா என்ன?" என்று எதிர் வீட்டுப் பெரியவர் குக் பைனைக் காட்டிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் சாய்ந்துகொண்டிருந்த திண்ணைத் தூணுக்கு அப்பால் மணிலாக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. மணிலாக் கொட்டையின் தாய்வீடு தென் அமெரிக்கா. பண்ருட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முந்திரி, போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. சவுக்கு கடல் கடந்து வந்தது. பலா ஒன்றுதான் நம்முடையது. அவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பெரியவர், மேலும் காப்பி கொடுத்திருந்தார்.

அப்படியானால் நம் மண்ணுக்குச் சொந்தமான கூம்பு மரமே கிடையாதா என்ற கேள்வி எழுகிறது. இருக்கிறது, இரண்டு இடத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் நாஜியா என்ற மரம் வளர்கிறது. தென்னிந்தியாவில் தானாக வளரும் கூம்பு மர இனம் இது ஒன்றே ஒன்றுதான். ஊசியிலை கூடக் கிடையாது; அகன்ற இலை. வேடிக்கையைப் பாருங்கள்: நிஜமான உறவுக்காரன் முகஜாடை இல்லாமல் காட்டில் ஒதுங்கியிருக்கிறான், ஜாடை உள்ள சவுக்கு உறவே இல்லாமல் வீதியில் நிற்கிறது.

இரண்டாவது இடம் திருவக்கரை. புதுச்சேரிக்கு மேற்கே, விழுப்புரம் மாவட்டத்தில். வக்கிரகாளி கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள செம்மண் மேட்டையும் பார்த்திருப்பீர்கள். அங்கே மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. தொட்டால் கல். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள். மண்ணிலுள்ள சிலிக்கா நீரில் கரைந்து ஊறி, மரத்தின் நாரும் நரம்பும் இருந்த இடத்தில் கல்லாகவே உட்கார்ந்துவிட்டது. கிளை இல்லை, வேர் இல்லை, வெறும் அடிமரம். பட்டையின் வரி வரை தெரிகிறது. விஷ்ணு சங்கரித்த வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்பது ஊர்க் கதை. 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர், இவை கல்லான மரங்கள் என்று எழுதிவைத்தார்.

பசிபிக்கில் பண்டிதர்கள் மரத்தைக் கல் என்றார்கள். அது நடந்து ஏழே வருஷத்தில் நம் பக்கத்தில் ஒருவர் கல்லை மரம் என்று கண்டுகொண்டார்! அந்தக் கல்மரங்களில் பூக்கும் மர இனங்களோடு கூம்பு மர இனமும் இருக்கிறது. பீர்பால் சாஹ்னி என்ற நம் தாவர விஞ்ஞானி 1931-இல் இந்தியாவின் புதைபடிவக் கூம்பு மரங்களை வரிசைப்படுத்தி எழுதியபோது, திருவக்கரை மரத்தையும் அதில் சேர்த்தார். அது நான் மேலே சொன்ன பொடோகார்ப்பஸ் வகையைச் சேர்ந்த கட்டை. காட்டிலே ஒதுங்கியிருக்கிறதே நாஜியா, அதன் குடும்பமும் அதுதான். திருவக்கரையில் மரங்கள் புதைந்த பாறைக்கு நிலவியல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கடலூர் மணற்பாறை'. அண்ணாகிராமத்துக்காரர்களுக்குக் கூம்பு மரம் அந்நியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அவர்கள் ஜில்லாவின் பெயரைத் தாங்கிய பாறைக்குள்ளேயே அது புதைந்து கிடக்கிறது.

இருக்கட்டும். மரம் ஏன் சாய்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 2017-இல் சில ஆராய்ச்சிக்காரர்கள் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்து பார்த்தார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கேயுள்ள மரங்கள் தெற்கே சாய்கின்றன. தெற்கேயுள்ளவை வடக்கே சாய்கின்றன. எல்லாம் பூமத்திய ரேகையை நோக்கியே! சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் சாய்வைப் போல் இரண்டு மடங்கு. பூமத்திய ரேகையை விட்டு விலக விலகச் சாய்வு கூடுகிறது. காரணம் வெளிச்சமா, வேறு ஏதாவதா என்று அவர்களே இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. இலங்கையில் பேராதனைத் தோட்டத்தில் இந்த மரங்களை வரிசையாக நட்ட சாலை ஒன்று உண்டு; அங்கே வளைந்து நெளிந்து நிற்கும் மரங்களை யாத்திரை போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆக, அண்ணன் வீட்டு மரம் வீட்டைப் பார்த்துச் சாயவில்லை. வீடு தற்செயலாக அதற்குத் தெற்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விவரத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். பிள்ளையும் சென்னையிலிருந்து வந்திருந்தான். நான் சொல்லி முடித்ததும் அவன் அமைதியாக, "சரி சித்தப்பா, சகுனம் இல்லை. ஒத்துக்கிறேன். ஆனா புயல் வந்தா விழாதுன்னு இதிலே எங்கேயாவது எழுதியிருக்கா?" என்றான்.

எழுதியிருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணன் பேசினார். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது நேயர்களுக்கு நினைவிருக்கும். அண்ணனுடைய இரண்டு ஏக்கர் சவுக்கு, வெட்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. தை பிறந்ததும் வியாபாரி வருவதாகச் சொல்லியிருந்தான். சித்திரையில் பெண்ணுக்குக் கல்யாணம். விடிந்து போய்ப் பார்த்தால் காடு முழுவதும் முட்டி உயரத்துக்கு முறிந்து கிடக்கிறது. அப்பா நட்ட பலா மரங்கள் வேரோடு. முந்திரித் தோப்பில் மேலே பார்த்தால் ஆகாயம். ஊர் பூராவும் முறிந்த மரம் என்பதால் விறகு விலைக்குக்கூட ஆள் வரவில்லை.

"அன்னைக்கு நான் களத்துமேட்டிலேயே உட்கார்ந்துட்டேன். வீட்டுக்கு வர மனசு வரலே. உங்கம்மா தேடிக்கிட்டு வந்தா. 'எழுந்திருங்க, வந்து பாருங்க, நம்ம பைன் மரம் நிக்குது'ன்னா. எனக்கு அப்படியே ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்தது. ரெண்டு ஏக்கர் போச்சு, பலா போச்சு, இவ காசுக்கு ஆகாத ஒரு செடியைச் சொல்றாளேன்னு. வந்து பார்த்தேன். இடுப்பு உயரம்கூட இல்லே. அது எங்கே விழும்? சுத்தி நாலு குச்சியை நட்டு, தன் பழைய புடவையாலே கட்டி வச்சிருந்தா. ராத்திரி காத்திலே எழுந்து போய்க் கட்டியிருக்கா, எனக்குத் தெரியாம."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

"அப்புறம் அவதான் நகையை எடுத்துக் கொடுத்தா. கல்யாணம் நடந்தது. சவுக்கு மறுபடியும் வச்சேன், வெட்டினேன், வச்சேன். அதெல்லாம் வயித்துக்கு. இது ஒண்ணுதான் தம்பி, எதுக்கும் இல்லாம வச்ச மரம்."

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். மரங்கள் புயலில் விழுவதும் உண்டு, மனிதரைக் காப்பதும் உண்டு. 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள் மறு வருஷமே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அலையாத்திக் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அதில் எழுதியிருந்தது. அதே சவுக்கு ஏழு வருஷம் கழித்து அதே டிசம்பர் மாதத்தில் நெட்டுக்குத்தாய் முறிந்தது. மரத்தை நம்பலாமா என்றால், நம்பவும் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பிள்ளை எழுந்து வெளியே போனான். கோபமோ என்று நினைத்தேன். அரை மணியில் தெருக் கோடியிலிருந்த கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டை வாங்கிக்கொண்டு வந்தான். ஏணி வைத்து, பத்தடி உயரத்தில் மரத்தோடு ஒட்டினாற்போல் கயிற்றைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டான். குண்டு நிற்கிற இடத்துக்கும் அடிமரத்துக்கும் எத்தனை அங்குலம் என்று நான் அளந்தேன். அண்ணன் திண்ணைச் சுவரில் கரியால் எழுதினார். தேதியும் போட்டார். அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா என்று மூவரும் குனிந்து பார்த்தோம். இல்லை. சின்னதிலிருந்தே மெதுவாய்ச் சாய்ந்த மரம் வேறு, திடீரென்று சாய்கிற மரம் வேறு. முன்னது தன் சாய்வுக்குத் தக்கபடி தன்னைக் கட்டிக்கொள்கிறது, பின்னதுதான் ஆபத்து. வருஷம் இருமுறை, ஆனியிலும் ஐப்பசி பிறக்கும்போதும், குண்டு விட்டுப் பார்ப்பது. கணக்குத் திடீரென்று ஏறினால் வெட்டிவிடுவது. அதுவரையில் புயல் எச்சரிக்கை வந்தால் அண்ணன் பின்கட்டில் படுத்துக்கொள்வது. இதுதான் பஞ்சாயத்தின் தீர்ப்பு. இரண்டு கட்சிக்கும் சம்மதம்.

புறப்படும்போது பிள்ளை மெதுவாகக் கேட்டான். "சித்தப்பா, இதிலேருந்து ஒரு கிளையை வெட்டி வச்சா வருமா? சென்னை வீட்டுக்கு ஒண்ணு…"

அதற்கும் நான் படித்து வைத்திருந்தேன். அரௌகேரியாவின் பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். ஆனால் அது என்றைக்கும் பக்கவாட்டிலேயே வளருமாம், நிமிரவே நிமிராது. நேராக வளர வேண்டுமானால் மரத்தின் உச்சிக் கொழுந்தை வெட்டித்தான் நட வேண்டும். அப்படி வெட்டினால் தாய் மரத்தின் அழகு போய்விடும்.

சொன்னேன். பிள்ளை ஒரு நிமிஷம் உச்சியை அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப வேண்டாம்" என்றான்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தூக்குக்குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.